பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளி ஊழியர்களைக் காப்பது எப்படி? படிப்படியான முழு வழிகாட்டி

2020 ஜூன் மாதம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஹேடன்-விங்கில்மன் கல்வி மாவட்டத்தைச் சேர்ந்த மூன்று ஆசிரியர்கள் ஒரே வகுப்பறையில் உட்கார்ந்து கோடைகால ஆன்லைன் பாடம் நடத்தினார்கள். அறையில் ஒரு மாணவர்கூட இல்லை. முகக்கவசம், சானிடைசர், இடைவெளி எல்லாவற்றையும் கடைப்பிடித்தார்கள். அப்படியும் மூவருக்கும் கொரோனா வந்தது. ஒருவர் இறந்துபோனார்.

பள்ளியில் தொற்று என்றதும் பிள்ளைகளிடமிருந்து ஆசிரியருக்கு வருவது என்றே நாம் நினைக்கிறோம். அதுவும் நடக்கும். ஆனால் 2020 கோடையில் இங்கிலாந்தில் பள்ளிகள் பகுதியளவு திறந்தபோது நடந்த ஆய்வில், மாணவர்களைவிட ஊழியர்களிடம்தான் தொற்று அதிகம் இருந்தது. பெரியவர்களிடமிருந்து பெரியவர்களுக்கு, அதாவது ஸ்டாஃப் ரூமில், சாப்பாட்டு மேசையில், மீட்டிங்கில். நம் ஊரில் 2021 ஜனவரி 19 அன்று 10, 12ஆம் வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தபோது வகுப்புக்கு 25 மாணவர், பெஞ்சுகளுக்கு இடையே தூரம், வாசலில் வெப்பமானி என்று திட்டமெல்லாம் மாணவர்களைச் சுற்றியே இருந்தது. ஊழியர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்று யோசித்த பள்ளிகள் குறைவு.

பள்ளி மூடியிருந்தால் ஊழியர் பாதுகாப்பாக இருக்கிறார் என்பதும் சரியல்ல. தமிழ்நாட்டில் பள்ளிகள் மூடியிருந்த மாதங்களிலும் பாடப்புத்தகம் கொடுத்தது, சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் அளந்து கொடுத்தது, சேர்க்கை நடத்தியது, 2021 ஏப்ரல் 6 அன்று வாக்குச்சாவடியில் உட்கார்ந்தது எல்லாம் பள்ளி ஊழியர்கள்தான்.

அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அது மூச்சு வழியாகப் பரவும் நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தலைமையாசிரியர், ஆசிரியர் சங்கக் கிளை, பள்ளி மேலாண்மைக் குழு, தனியார் பள்ளித் தாளாளர் என யார் கையில் பொறுப்பு இருந்தாலும், கீழே உள்ளதை இன்றே தொடங்கலாம்.

படி 1: எல்லோர் பெயரையும் எழுதுங்கள்

ஊழியர் என்றால் ஆசிரியர் மட்டுமல்ல. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாதவர்கள்தான் பல பள்ளிகளில் அதிக ஆபத்தில் இருப்பவர்கள். சத்துணவு அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர், தூய்மைப் பணியாளர், இரவுக் காவலர், ஆய்வக உதவியாளர், பகுதிநேர ஆசிரியர், இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர், தனியார் பள்ளி என்றால் ஆயா, வேன் டிரைவர், கிளீனர், விடுதி இருந்தால் வார்டன், விடுதிச் சமையல்காரர் என ஒருவர் விடாமல் எழுதுங்கள்.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று விவரங்கள் போதும். அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? ஒரு நாளில் அதிக நேரம் எந்த அறையில் இருக்கிறார்? அங்கே அவரோடு எத்தனை பேர்? முதல் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அரசுப் பள்ளிக் கழிப்பறையைச் சுத்தம் செய்பவருக்குப் பள்ளிக்கு வெளியே ஓர் அமைப்பு வழியாகச் சம்பளம் வரலாம். அப்போது அவருக்குக் கையுறை வாங்கித் தருவதும், காய்ச்சல் வந்தால் விடுப்பு தருவதும் யார் வேலை என்பது இழுபறியாகும். நெருக்கடி வரும் முன்பே அதைப் பேசித் தீர்த்துவிட வேண்டும்.

அடுத்து, உடல்நிலை. மத்திய சுகாதார அமைச்சகம் 2020 செப்டம்பர் 8 அன்று பள்ளிகளுக்கு வெளியிட்ட நடைமுறையில், வயதானவர்கள், கர்ப்பிணிகள், நாள்பட்ட நோய் உள்ளவர்கள் ஆகியோரை மாணவர்களோடு நேரடித் தொடர்புள்ள முன்வரிசை வேலையில் போடாமல் தவிர்க்கச் சொல்லியிருந்தது. இதைச் செய்ய யாருக்கு என்ன நோய் என்று தெரிய வேண்டும். ஆனால் ஸ்டாஃப் மீட்டிங்கில் கைதூக்கச் சொல்லக் கூடாது. ஒருவரிடம் மட்டும் தனியாகச் சொல்லும் ஏற்பாடு இருக்கட்டும். பெயர் வெளியே போகாது என்ற உறுதி இருந்தால்தான் சர்க்கரை நோயையோ, புற்றுநோய்ச் சிகிச்சையையோ, ஆரம்பக்கட்டக் கர்ப்பத்தையோ ஒருவர் வாய் திறந்து சொல்வார். யாருக்கு ஆபத்து அதிகம் என்பதும் நோய்க்கு நோய் மாறும். 2009இல் வந்த எச்1என்1 காய்ச்சல் கர்ப்பிணிகளையும் இளைய வயதினரையும் கடுமையாகத் தாக்கியது. கொரோனாவில் முதியவர்களே அதிகம் இறந்தார்கள். ஆகவே பழைய பட்டியலை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள்.

படி 2: காற்று

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

கொரோனாவின் முதல் ஆண்டில் நாம் மேசையையும் கதவுக் கைப்பிடியையும் துடைத்துக்கொண்டே இருந்தோம். நோய் முக்கியமாகப் பரவியது மூச்சிலும் பேச்சிலும் வெளிவரும் நுண்துளிகளால். அவை ஊதுபத்திப் புகைபோல மூடிய அறையில் மிதந்து தேங்கும். ஆறடி தள்ளி உட்கார்ந்தாலும் அரை மணி நேரத்தில் அறை முழுக்கப் பரவிவிடும். அரிசோனா அறையில் இடைவெளியும் சானிடைசரும் போதாமல் போனதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு: மருத்துவமனை அல்லாத கட்டடங்களில் ஓர் ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் புதுக்காற்று. இதை நம் வகுப்பறைக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 அடிக்கு 20 அடி அறை, 10 அடி உயரம், 25 மாணவர், ஓர் ஆசிரியர். நொடிக்கு 260 லிட்டர் வேண்டும். அதாவது அந்த அறையின் மொத்தக் காற்றும் மணிக்கு எட்டு முறைக்கு மேல் மாற வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல்கள் திறந்திருந்து வெளியே காற்று வீசினால் இது நடக்கக்கூடியதுதான். ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் இருந்தால் கடினம். மூடியிருந்தால் நடக்கவே நடக்காது.

செய்ய வேண்டியவை இவை. ஒரு விடுமுறை நாளில் எல்லா அறைகளையும் சுற்றி வந்து திறக்க முடியாத ஜன்னல்களைக் குறித்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த கொக்கி, பெயின்ட் ஒட்டிக்கொண்ட பலகை, பீரோ மறைத்த ஜன்னல், பழைய வினாத்தாள் கட்டு அடுக்கிய ஜன்னல், இப்படி நிறைய இருக்கும். அவற்றைச் சரிசெய்யத் தச்சர் ஒருவரின் சில நாள் கூலி போதும். அப்புறம் ஓர் ஊதுபத்தியை ஏற்றி ஜன்னல் அருகே பிடித்துப் பாருங்கள். புகை எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். புகை நகராமல் நின்றால், ஒரு பெடஸ்டல் ஃபேனை ஜன்னல் பக்கம், காற்றை வெளியே தள்ளும்படி திருப்பி வையுங்கள். எதிர்ப்பக்கக் கதவு திறந்திருக்க வேண்டும். சீலிங் ஃபேன் உள்ளே இருக்கும் காற்றைக் கலக்குமே தவிர மாற்றாது. ஜன்னலைத் திறந்துவிட்டு அதை ஓட்டுவது நல்லது. மூடிவிட்டு ஓட்டுவதால் பயனில்லை.

ஏசி அறைகளில் கவனம் தேவை. கம்ப்யூட்டர் லேப், ஸ்மார்ட் கிளாஸ், தனியார் பள்ளி அலுவலகம் இவற்றில் இருக்கும் ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. ஏசி ஓடினாலும் ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கரண்ட் பில் கூடும்தான். கூடட்டும்.

ஜன்னலே இல்லாத அறைக்கு வடிகட்டி வைக்கலாம். ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசென்தால் என்ற இரு அமெரிக்கர்கள் 2020இல் சொன்ன எளிய முறை, நான்கு நுண்வடிகட்டித் தட்டிகளைப் பெட்டிபோல ஒட்டி மேலே ஒரு ஃபேன் வைப்பது. தரமான தட்டி கிடைத்தால் மேல்நிலை மாணவர்களே இயற்பியல் செய்முறையாகச் செய்துவிடுவார்கள்.

நாம் விடும் மூச்சு அறையில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று காட்டும் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் பள்ளிக்கு ஒன்றாவது வாங்குங்கள். அகச்சிவப்பு உணரி உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பல கருவிகள் வேறு வாயுவை அளந்து ஊகமாக ஓர் எண்ணைக் காட்டும். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 420 பங்கு) இருக்கும். வகுப்பு நடக்கும்போது 800க்குள் இருந்தால் நல்ல காற்றோட்டம். 1,500ஐத் தாண்டினால் அந்த அறையில் அடுத்தவர் விட்ட மூச்சையே கணிசமாக இழுத்துக்கொண்டிருக்கிறோம். ஸ்டாஃப் ரூமில் மதியம் ஒரு மணிக்கு அதை வைத்துப் பாருங்கள். காற்று தேங்குவதைப் பற்றிச் சொன்னால் நம்பாதவர்கள் அந்த எண்ணைப் பார்த்து நம்புவார்கள்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் சாரல் அடித்தால் ஜன்னலை மூடிவிடுவோம். அதே மாதங்களில்தான் கொசுவும் டெங்குவும். ஜன்னலுக்கு வெளியே சாய்ந்த தகரமோ தார்ப்பாயோ கட்டினால் மழையிலும் திறந்து வைக்கலாம். கொசுவலை அடித்தால் காற்று குறையும், ஆனால் டெங்குவையும் ஒதுக்க முடியாது. ஆகவே வலை அடித்த அறையில் வெளியே தள்ளும் ஃபேன் கட்டாயம்.

மரத்தடியும் வராந்தாவும் இருக்கும் பள்ளிகள் கொடுத்து வைத்தவை. வாய்ப்புள்ள பாடங்களை அங்கே நடத்துங்கள்.

படி 3: ஸ்டாஃப் ரூமும் சாப்பாடும்

முகக்கவசத்தைக் கழற்றி, நெருங்கி உட்கார்ந்து, சிரித்துப் பேசி, ஒருவர் டப்பாவிலிருந்து ஒருவர் எடுத்துச் சாப்பிடும் நேரம் அது. பள்ளி நாளின் இனிமையான அரை மணி நேரமும் அதுதான். அதை ஒழிக்கச் சொல்லவில்லை, இடம் மாற்றச் சொல்கிறேன். வராந்தாவிலோ மரத்தடியிலோ இரண்டு பெஞ்ச் போடுங்கள். அதற்கு வழியில்லை என்றால் இரண்டு பந்தியாகப் பிரித்து, இடையில் அறையைக் காலியாக விடுங்கள்.

மீட்டிங்கை மைதானத்தில் நின்றபடியே நடத்தலாம், சீக்கிரமும் முடியும். விடைத்தாள் திருத்துவது, எமிஸ் (பள்ளி விவரங்களைப் பதியும் அரசு இணையதளம்) பதிவேற்றம் போன்ற வேலைகளுக்குக் காலியாக இருக்கும் வகுப்பறைகளைப் பயன்படுத்துங்கள். ஒரே ஆட்டோவில், காரில் சேர்ந்து வரும் ஆசிரியர்கள் கண்ணாடியை இறக்கி, முகக்கவசத்தோடு வரட்டும். மூடிய ஏசி காரில் ஒரு மணி நேரம் என்பது எந்த வகுப்பையும்விட ஆபத்தானது.

படி 4: முகக்கவசமும் குரலும்

2021 மே மாதம் கலிஃபோர்னியாவின் மாரின் மாவட்டத் தொடக்கப்பள்ளி ஒன்றில் நடந்ததை ஒவ்வொரு பள்ளியும் தெரிந்துகொள்ள வேண்டும். தடுப்பூசி போடாத ஓர் ஆசிரியர், தனக்கு வந்திருப்பது ஒவ்வாமை என்று எண்ணி, அறிகுறிகளோடு இரண்டு நாள் வகுப்புக்கு வந்தார். சத்தமாக வாசித்துக் காட்டும்போது முகக்கவசத்தைக் கழற்றினார். அந்த வகுப்பின் 24 மாணவர்களில் 12 பேருக்குத் தொற்று உறுதியானது. முதல் இரண்டு வரிசையில் 10 பேரில் 8 பேர். பின்வரிசைகளில் 14 பேரில் 4 பேர். அந்த அறையில் கதவும் ஜன்னலும் திறந்திருந்தன, காற்று வடிகட்டியும் ஓடியது. காற்றோட்டத்தைப் பற்றி இவ்வளவு எழுதிய பிறகு இதையும் சொல்லத்தான் வேண்டும்: அது மட்டும் போதாது.

சத்தமாகப் பேசினால் துளிகள் அதிகம் வெளிவரும். நம் வகுப்பறைகளில் 40 பேருக்குக் கேட்கக் கத்த வேண்டியிருக்கிறது. இடுப்பில் கட்டிக்கொள்ளும் சிறிய மைக்-ஸ்பீக்கர் ஆசிரியருக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள். கவசத்தோடு பேச முடியவில்லை, மூச்சு வாங்குகிறது என்ற குறையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். தொண்டைக்கும் நல்லது.

துணிக் கவசம் இல்லாததற்குத் தேவலை, அவ்வளவுதான். என்-95 வகையைப் பள்ளி செலவிலேயே கொடுக்க வேண்டும். வால்வு உள்ளது வேண்டாம். அது அணிந்தவரின் மூச்சை அப்படியே வெளியே விடும், இந்திய அரசே 2020 ஜூலையில் அதை எச்சரித்தது. மூக்குக் கம்பியை அழுத்தி, ஊதிப் பார்த்து, ஓரத்தில் காற்று கசிந்தால் திருத்திப் போடுங்கள். துவைக்கக் கூடாது. ஒருவருக்கு ஐந்து கவசம் கொடுத்து, நாளுக்கு ஒன்றாகப் போட்டு, கழற்றியதைக் காகித உறையில் உலரவிட்டால் சில சுற்று வரும். வார் தளர்ந்தாலோ நனைந்தாலோ தூக்கிப்போடுங்கள்.

படி 5: தூய்மைப் பணியாளரும் சமையற்கூடமும்

தொற்றுக்குப் பயந்து ரசாயனத்தால் ஆளைக் கெடுத்துவிடக் கூடாது. தரைக்கும் கழிப்பறைக்கும் அரசு நடைமுறை சொன்னது 1 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல். 30 விழுக்காடு குளோரின் உள்ள ப்ளீச்சிங் பவுடர் என்றால் லிட்டருக்கு 30 கிராமுக்குச் சற்று மேல். அன்றன்று கரைக்க வேண்டும். இதைக் கழிப்பறை ஆசிட்டோடு ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சுக் குளோரின் வாயு வரும். சிறிய கழிப்பறைக்குள் உயிருக்கே ஆபத்து. இரண்டு பாட்டில்களையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். முழங்கை வரை கையுறை, ரப்பர் பூட்ஸ், கண்ணாடி, கை கழுவத் தனிச் சோப்பு, உடை மாற்ற ஓர் இடம் எல்லாம் தூய்மைப் பணியாளருக்கு வேண்டும். ஆட்கள் மீது கிருமிநாசினி தெளிப்பது கூடவே கூடாது என்று 2020 ஏப்ரலிலேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. மாணவர் போய் ஒரு மணி நேரம் அறையைத் திறந்து வைத்த பிறகு தூய்மைப் பணியாளர் உள்ளே போகட்டும்.

சத்துணவுக் கூடத்தில் அடுப்பு வெப்பத்தில் நாள் முழுக்கக் கவசம் போட முடியாது. அங்கே புகைபோக்கியும் ஜன்னலும்தான் வேலை செய்ய வேண்டும். பரிமாறும்போது மட்டும் கவசம். பிள்ளைகளைப் பகுதி பகுதியாக அனுப்பினால் உதவியாளர் 200 முகங்களுக்கு நடுவே குனிந்து நிற்க வேண்டியதில்லை. அரிசி, பருப்பு வழங்கும் நாட்களில் பெற்றோருக்கு நேரம் குறித்த டோக்கன் கொடுங்கள். மேசையை வராந்தாவில் போடுங்கள்.

படி 6: சம்பளம் போகாத ஓய்வு

வாசலில் நெற்றிக்கு நேரே வெப்பமானி பிடிப்பதை நான் அதிகம் நம்பவில்லை. கொரோனாவில் அறிகுறி வருவதற்கு ஓரிரு நாள் முன்பே ஒருவர் மற்றவருக்குப் பரப்ப முடிந்தது. பலருக்குக் காய்ச்சலே வரவில்லை. மாத்திரை போட்டு வந்தால் சூடு தெரியாது. மாத்திரை போட்டு ஏன் வருகிறார்? வராவிட்டால் அன்றைய கூலி போகும் என்பதால்தான். தினக்கூலி ஆயாவுக்கும், தொகுப்பூதிய ஆசிரியருக்கும், வேன் டிரைவருக்கும் சம்பளத்தோடு கூடிய விடுப்பு இல்லாத பள்ளியில் மற்ற எல்லா ஏற்பாடும் பாதி வீண்.

ஆகவே முன்கூட்டியே எழுத்தில் வையுங்கள்: தொண்டை வலி, இருமல், காய்ச்சல் எது இருந்தாலும் வர வேண்டாம், சம்பளம் பிடிக்கப்படாது, தற்செயல் விடுப்புக் கணக்கிலும் கழியாது. அரசுப் பள்ளியில் இதற்கான ஆணையைச் சங்கங்கள் கேட்டு வாங்க வேண்டும். தனியார் பள்ளியில் தாளாளர் ஒரு கையெழுத்தில் செய்யலாம்.

ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் நின்றால் பள்ளியே நிற்கும். அருகிலுள்ள எந்தப் பள்ளியிலிருந்து யார் வருவார் என்று வட்டாரக் கல்வி அலுவலரோடு பேசி, பெயர் குறித்து வையுங்கள். பள்ளி நேரத்தில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் உட்கார வைக்கத் திறந்த இடம் ஒன்று தயாராக இருக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் எண், 104 உதவி எண் இரண்டும் சுவரில் இருக்கட்டும். மழைக்காலக் காய்ச்சலைத் தொற்று என்றே முடிவுகட்டி வீட்டில் படுக்க வைத்துவிடாதீர்கள். டெங்குவாகவும் இருக்கலாம், ரத்தப் பரிசோதனை அவசியம்.

தடுப்பூசி வந்ததும் முதல் வரிசையில் இடம் கேளுங்கள். 2021இல் ஆசிரியர்களுக்கென்று மத்திய அரசு 2 கோடி கூடுதல் டோஸ் ஒதுக்கியது ஆகஸ்ட் மாதத்தில்தான், இரண்டாம் அலை வந்து போன பிறகு. ஸ்வீடனில் 2020 வசந்தத்தில் நேரடி வகுப்பு எடுத்த ஆசிரியர்களுக்கு, ஆன்லைனில் எடுத்தவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு தொற்று ஆபத்து இருந்ததாக ஓர் ஆய்வு சொன்னது. முன்னுரிமை கேட்க இது போதுமான காரணம். கேட்கும்போது ஆயாவையும் டிரைவரையும் சேர்த்துக் கேளுங்கள்.

படி 7: எல்லாவற்றுக்கும் காகிதம்

உத்தரப் பிரதேசத்தில் 2021 ஏப்ரலில் பஞ்சாயத்துத் தேர்தல் பணிக்குப் போன ஆசிரியர்களும் கல்வித்துறை ஊழியர்களும் 1,621 பேர் இறந்ததாக ஆசிரியர் சங்கம் பட்டியல் கொடுத்தது. மாநில அரசு முதலில் ஒப்புக்கொண்டது மூன்றே மூன்று பேரை. பணி நேரத்தில் இறந்தால்தான் கணக்கு என்றது அப்போதைய விதி. தொற்று உடலில் ஏறி ஆளைச் சாய்க்க வாரங்கள் ஆகும். கடும் எதிர்ப்புக்குப் பிறகே விதியைத் தளர்த்தி இழப்பீடு வழங்கினார்கள். அதற்குள் அந்தக் குடும்பங்கள் பட்ட அவமானத்தை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை.

ஆகவே பள்ளிக்கு வெளியே எந்தப் பணி என்றாலும் எழுத்துப்பூர்வ ஆணை வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தி மட்டும் என்றால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். எந்த நாள் எங்கே, யாரோடு வேலை பார்த்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பரிசோதனை முடிவைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். கொரோனா இறப்புக்கான 50,000 ரூபாய் உதவித்தொகைக்கு, தொற்று உறுதியான 30 நாளுக்குள் நடந்த இறப்பு என்பதே முக்கிய அளவுகோலாக இருந்தது. தேதி இல்லாத காகிதம் உதவவில்லை.

தனியார் பள்ளி ஊழியர்கள் இப்போதே இரண்டைப் பாருங்கள். ஒன்று, பி.எஃப். கணக்கில் வாரிசு நியமனம். அதோடு இணைந்த காப்பீட்டில் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரை கிடைக்கும். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இரண்டு, இ.எஸ்.ஐ. பதிவு. கொரோனாவில் இறந்த காப்பீட்டாளரின் குடும்பத்துக்குச் சராசரிச் சம்பளத்தில் 90 விழுக்காடு மாதந்தோறும் கிடைக்க இ.எஸ்.ஐ. தனித் திட்டம் கொண்டுவந்தது. பெயர் பதிவாகாமல், சந்தா கட்டாமல் இருந்தவர்களின் குடும்பங்களால் அதைத் தொட முடியவில்லை.

படி 8: வேலைச் சுமை

காலையில் நேரடி வகுப்பு, மாலையில் அதே பாடம் ஆன்லைனில், இரவு பத்து மணிக்குப் பெற்றோரின் வாட்ஸ்அப் கேள்வி. நேரடி வகுப்பையும் ஆன்லைன் வகுப்பையும் ஒரே ஆள் மேல் போடாதீர்கள். மாலை ஆறு மணிக்கு மேல் பதில் இல்லை என்று பள்ளியே அறிவிக்கட்டும். சக ஊழியரை இழந்த பள்ளியில் மறுநாளே பாடத்திட்டம் பேச வேண்டாம். மனம் தாங்காதபோது பேச 14416 என்ற இலவச எண் இருக்கிறது.

படி 9: எதை, எப்போது தளர்த்துவது

தொற்று குறையும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாதீர்கள். வெப்பமானியையும் வாசல் கெடுபிடிகளையும் முதலில் விடலாம். அப்புறம் சாப்பாட்டுப் பந்தி, அப்புறம் திறந்தவெளி மீட்டிங். உள்ளூர்ச் சுகாதார நிலையம் தொற்று அடங்கியது என்று உறுதி சொன்ன பிறகு வகுப்பறைக் கவசம். ஆபத்து அதிகமுள்ள ஊழியர் தொடர்ந்து போட விரும்பினால் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. திறந்த ஜன்னல், காய்ச்சலுக்குச் சம்பளத்தோடு ஓய்வு, கையுறையும் பூட்ஸும், பெயர்ப் பட்டியல் இந்த நான்கையும் தளர்த்தவே வேண்டாம். பட்டியலை ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளி திறக்கும்போது புதுப்பித்து, மேலாண்மைக் குழுக் கூட்டத்தின் தீர்மான நோட்டில் பதிந்து வையுங்கள்.